சுதீரின் அசையாத உதடுகள்

பொம்மை வந்து சேர்ந்த அன்றே சுதீர் அதற்குப் பப்லு என்று பெயர் வைத்தான். அவன் லட்சணம் அதிலேயே தெரிந்துபோயிற்று. மாயக்குரல் வித்தை காட்டுகிறவன் உதட்டை அசைக்கக் கூடாது. உதடு ஒட்டாமல் ‘ப’ வராது, ‘ம’ வராது. அந்தத் தொழிலுக்கு வந்தவன் தன்னால் சொல்லவே முடியாத பெயராகத் தேடிப் பிடித்துப் பொம்மைக்கு வைத்தான் என்றால் மேற்கொண்டு என்ன சொல்ல? மேடையில் உட்கார்ந்து, “உன் பேர் என்ன?” என்று கேட்பான். மடியிலிருக்கும் பொம்மை, “தத்லு” என்னும். முன்வரிசையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கிட்டு என்று வையுங்கள், சீனு என்று வையுங்கள், உதட்டுக்கு வேலையே இல்லை என்று அவன் மனைவி அகிலா அன்றைக்கே சொன்னாள். விசிட்டிங் கார்டு அடித்தாயிற்று என்று சொல்லிவிட்டான்.

அகிலா நகரிக்காரி. அவளுடைய நைனா பாலசுந்தரம் வீட்டிலேயே பவர்லூம் போட்டிருந்தார். தறி ஓடுகிற வீட்டில் காதுக்கு வேலை கிடையாது. எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்துத்தான் சோறு வேண்டுமா, நூல் அறுந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உதடு படித்தே வளர்ந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவள் எதிரிலேயே உதட்டை ஒளிக்கிற வித்தையைப் பழகினான் சுதீர். மீசையை அடர்த்தியாக வளர்த்தான். மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தான், பல்வலிக்காரன் போல. எல்லாவற்றையும் தாண்டி உதடு துடித்தது. அகிலா தையல் மிஷினை மிதித்தாள்.

அவன் சித்தூரில் ஒரு செல்போன் கடையில் இருந்தவன். ரயில் கூவுவது, நாய் சண்டை, நடிகர்கள் குரல் என்று கல்லூரி விழாக்களில் கைதட்டு வாங்கியவன். கல்யாணம் ஆனதும் திருப்பதிக்குக் குடிவந்தார்கள். கோயில் ஊரில் வருஷம் முழுக்கக் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் இருக்கும், பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. கொர்லகுண்டாவில் ஒரு மாடி போர்ஷன் கிடைத்தது. அகிலா புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் குடும்பத்தை நடத்தினாள். சுதீர் கண்ணாடி முன்னால் நின்றான்.

பொம்மையின் துணிமணி அவள் பொறுப்பு. ஆன்லைனில் வந்த பப்லு, கறுப்புக் கோட்டும் நீளத் தொப்பியும் ஒற்றைக்கண் கண்ணாடியுமாக வெள்ளைக்காரப் பிரபு மாதிரி பெட்டிக்குள் படுத்திருந்தான். சித்திரை வெயிலில் திருப்பதியில் யார் இப்படி உடுத்துவார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வேஷம் எங்கிருந்து வந்தது என்று, துணி தைத்துக்கொண்டே போனில் தேடிப் பார்த்தாள். பழைய கிரேக்க தேசத்தில் வயிற்றிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் குறி சொன்னவர்கள் இருந்தார்களாம். அப்புறம் அதையே பேய் பிடித்த பேச்சு என்று பாதிரிமார்கள் துரத்தினார்களாம். பேயெல்லாம் போய்ச் சந்தையில் வேடிக்கையாகி, லண்டன் நாடகக் கொட்டகைக்கு வந்தபோது ஒரு குடும்பம் போலப் பல பொம்மைகளை வரிசையாக நிறுத்திப் பேச வைத்தார்கள். பிறகுதான் எவனோ ஒருவன் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வாயாடிப் பையன் பொம்மை ஒன்றை மட்டும் மடியில் உட்கார வைத்தான். கோட்டும் தொப்பியும் ஒற்றைக்கண்ணாடியும் அமெரிக்காவில் ஒரு பொம்மைக்காரர் போட்டுவிட்டது. அவர் பெரிய பெயர் எடுத்தது ரேடியோவில். ரேடியோவில் உதடு அசைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த இடத்தைப் படித்தபோது அகிலா மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சுதீரிடம் சொன்னாள். அதெல்லாம் தப்பு, இது நம் ரிஷிகள் கண்டுபிடித்தது, வெள்ளைக்காரன் திருடிக்கொண்டு போனான் என்றான் அவன். எந்த ரிஷி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பெயரை அங்கேயே உண்டாக்கியிருப்பான்.

கோட்டைக் கழற்றிவிட்டு அவள் பப்லுவுக்கு நகரி லுங்கித் துணியில் சட்டை தைத்தாள். முதுகில் கை நுழைய ஓட்டை, அது தெரியாமல் மேலே மடிப்பு, கழுத்து இடுக்கை மறைக்க உயரமான காலர், வாயை அசைக்கிற விசையில் மாட்டிக்கொள்ளாதிருக்கப் பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை. வெயிலில் பசை இளகிப் பொம்மையின் முடி கழன்று வந்தபோது சுதீர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அகிலா சந்தனத்தைக் குழைத்து அந்த மொட்டைத் தலையில் பூசினாள். மலையில் முடி கொடுத்துவிட்டு இறங்கி வருகிற பையனாகப் பப்லு மாறினான். திருப்பதியில் அவனைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. வாய் திறக்கிற வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு. “கோவிந்தா” என்பதற்குப் பதில் “கோகிந்தா” என்றதும் சிரிப்பு வேறு ஜாதியாகிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுதீருக்குத் தொண்டை கட்டியது. திருச்சானூர் ரோட்டில் ஒரு ஹோட்டலில் பிறந்தநாள் விழா. ஒப்புக்கொண்டாயிற்று, குரல் இல்லை. அகிலா இன்னொரு கார்ட்லெஸ் மைக்கை எடுத்துக்கொண்டு பலூன் தோரணத்துக்குப் பின்னால் போய் நின்றாள். பலூன் இடுக்கு வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே மூக்கால் பேசினாள்:

“இன்னா நைனா, என்னியப் பொட்டில போட்டுக் கூட்டிக்கினு வந்துட்டு நீ மட்டும் பிரியாணி துன்னுட்டியா?”

ஹால் அதிர்ந்தது. பாதி தமிழ், பாதி தெலுங்கு, நகரித் தறிக்கார வாய். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் கடைசி நாற்காலி வரை போயிற்று. சுதீர் விசையை அழுத்துவதில் எப்போதும் கொஞ்சம் பின்தங்குவான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் முதல் எழுத்தை இழுத்தே பேசினாள். ஆட்டம் முடிந்ததும் பெரிய மனிதர்கள் வந்து சுதீரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உதடு துளியும் அசையவில்லையே, எப்படி என்று கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கிற மனிதனுக்கு உதடு எதற்கு அசையும்? அவன் அடக்கமாகத் தலை குனிந்தான்.

தொண்டை சரியானது. அப்புறமும் பப்லுவுக்குச் சுதீர் பேசவில்லை. அகிலா தோரணத்துக்குப் பின்னாலேயே நின்றாள். முதல் கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்ததும் நன்றி சொன்னான். பிறகு, இரண்டாம் பாதியில் இழுத்துவிட்டாய் என்றான். பிறகு, தான் அழுத்துகிற வேகத்துக்கு அவள் பேச வேண்டும் என்று திட்டினான். ஒரு யூடியூப் சேனல்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது, விடியுமுன் எழுந்து நாபியில் மூச்சை நிறுத்திப் பழகினேன் என்று பேட்டி கொடுத்தான். பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் போர்வைக்குள் கிடக்கிற மனிதன். அகிலா அடுப்பங்கரையில் நின்று அதைக் கேட்டாள். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவன் நம்பியே விட்டிருந்தான். பொய்க்காரனோடு குடித்தனம் பண்ணலாம், இந்த ஜென்மத்தோடு எப்படி என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தப் பேட்டியைப் பார்த்துத்தான் தோதாத்ரி வந்தார். பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கலாரசிகர் சபைக்குச் செயலாளர். யாரைப் பார்த்தாலும் ஒரு பட்டம் கொடுத்துவிட அவருக்குக் கை துறுதுறுக்கும். சபையின் சித்தூர் ஆண்டுவிழாவில் சுதீருக்கு ‘மாயக்குரல் சக்கரவர்த்தி’ என்று பட்டம் கொடுப்பதாகச் சொன்னார். காபி குடித்தார். காபி போட்டவளை அவர் பார்க்கவில்லை.

விழா சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடை அலங்காரம் குடிபாலாவிலிருந்து வந்த கங்கம்மா என்ற அம்மாளுடையது. பந்தல், பூ, திரை எல்லாம் அவள் ஆட்கள்தான். திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் வேண்டும் என்று அகிலா கேட்டபோது, எதற்கு என்று கேட்காமல் போட்டாள்.

தோதாத்ரி முன்னுரையாலேயே அரை மண்டபத்தைத் தூங்க வைத்தார். பிறகு சுதீரைச் சோதிப்பதாகச் சொல்லி, அவன் உதடுகளுக்கு நடுவில் ஒரு காகிதத்தைக் கவ்வக் கொடுத்தார். பம்பரம், பப்பாளி, மாம்பழம் என்று பப்லு சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து அகிலா மூன்றையும் சொன்னாள். காகிதம் ஆடவில்லை. மண்டபம் எழுந்து நின்று தட்டியது. இப்படி வாயை மூடிக்கொண்டு கைதட்டு வாங்குகிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வராதுதான்.

அப்போது சபைக்காரர் ஒருவர், சக்கரவர்த்தியின் மனைவியையும் மேடைக்கு அழைத்துக் குங்குமம் கொடுக்கலாமே என்றார். சுதீர் சிரித்தான்.

“அவ உள்ளே பொம்மைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கினு இருப்பா சார். துணி தைக்கிறதோட சரி. இந்தக் கலையெல்லாம் அவளுக்குப் புரியாது.” அதோடு விட்டானா? மடியிலிருந்த மொட்டைத் தலையைத் தட்டிக் கேட்டான்: “இல்லையா பப்லு?”

பொம்மையின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மூடித் திறந்தது. ஆமாம் என்று அவள்தான் சொல்ல வேண்டும். தன்னைத் திட்டிவிட்டு அதற்குத் தன் வாயாலேயே ஆமாம் வாங்கப் பார்க்கிறான் என்பது அகிலாவுக்கு ஒரு கணம் பிடிபடவே இல்லை. கோபம்கூட அப்புறம்தான் வந்தது. ஸ்டூலை விட்டு எழுந்தாள். திரையை விலக்கிக்கொண்டு, மைக்கை வாயருகே பிடித்தபடி மேடைக்கு நடந்து வந்தாள்.

“இல்ல நைனா,” என்றாள் பப்லுவின் குரலில். “அவளுக்குத்தான் புரியும். நீ தாடையை மட்டும் ஆட்டிக்கினு கீறே.”

அவள் உதடு அசைவதை மண்டபமே பார்த்தது. சுதீரின் கை விசையிலேயே உறைந்து, பப்லு வாயைப் பிளந்தபடி இருந்தான். பிறகு சிரிப்பு. அப்புறம் முன்னைவிடப் பெரிய கைதட்டு. தோதாத்ரி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார். கண்டீர்களா, பொம்மையிலிருந்து குரலை எடுத்து மனைவியின் வாயில் வைத்துவிட்டார், அந்தம்மாள் வெறுமனே உதட்டை அசைக்கிறார், பேசுவது சக்கரவர்த்தி என்று சபைக்கு விளக்கினார்.

அகிலா அவரைத் திரும்பிப் பார்த்தாள். தன் சொந்தக் குரலில், “சார், நான்தான் பேசறேன்” என்றாள்.

“ஆகா,” என்றார் தோதாத்ரி. “பெண் குரலும் என்ன கச்சிதம் பாருங்கள்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள் எல்லாரும். ஒரு பெண் வாயைத் திறந்து பேசினால் அது அவள் பேச்சு என்று அங்கே ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு பேருக்கு முன்னால் அழுவது இவர்களுக்கு மரியாதை செய்கிற மாதிரி ஆகும் என்று தோன்றியது. மைக்கை அணைத்துத் தோதாத்ரியின் கையில் கொடுத்தாள்.

“இப்போ அவரைப் பேசச் சொல்லுங்க.”

சுதீர் பொம்மையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான். இருவருக்காகவும் பேசியதில் சக்கரவர்த்தியின் குரல் களைத்துவிட்டது என்று தோதாத்ரி அறிவித்தார். சால்வை போர்த்தினார்கள். சுதீர் கண்கலங்கினான்.

சாப்பாட்டுப் பந்தியில் அகிலாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது கங்கம்மாதான். ஸ்டூல் போட்டவளுக்குத் தெரியாததா? குடிபாலாவில் தன் தங்கை மகள் சீமந்தம் வருகிறது, வந்து பேசுவாயா என்று கேட்டாள். திரை கட்டவா என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்தாள். வேண்டாம் என்றாள் அகிலா.

ஒரு வாரம் போயிற்று. சுதீர் வந்து, சபைக்காரர்களே ஒப்புக்கொண்ட விஷயத்தை நீ எதற்குக் கெடுக்கப் பார்த்தாய் என்று கேட்டான். அவள் துணியை வெட்டினாள். நடுவயதுப் பெண் பொம்மை ஒன்றைத் தானே பஞ்சும் மரத்தூளும் அடைத்துச் செய்துகொண்டிருந்தாள். அதற்கு நகரிச் சேலை, கையில் கண்ணாடி வளையல், இடுப்பில் சாவிக்கொத்து. பெயர் பப்பம்மா. வேண்டுமென்றே வைத்த பெயர்.

குடிபாலாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பப்பம்மாவை மடியில் வைத்து, வாயை நன்றாகத் திறந்து பேசினாள். பப்பம்மா மாப்பிள்ளையைக் கேள்வி கேட்டாள், மாமியாரைக் கேட்டாள், சீமந்தப் பெண் மட்டும் ஏன் நிற்கிறாள், அவளுக்கு நாற்காலி இல்லையா என்று கேட்டாள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரும் அவள் உதட்டைப் பார்க்கவில்லை. பொம்மை தானாகப் பேசாது என்பது மூன்று வயதுக் குழந்தைக்கே தெரியும். பட்டம் கொடுக்கிறவர்களுக்குத்தான் தெரியாது. ஆட்டம் முடிந்தபின் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்து, உனக்கு உதடு அசையுதேம்மா என்று குறை சொன்னார்.

“பேசறவளுக்கு உதடு அசையாம வேற என்ன அசையும்?” என்றாள் அகிலா.

இப்போது அவளுக்கு விஜயபுரத்திலிருந்தும் குடுபல்லியிலிருந்தும் அழைப்பு வருகிறது. சுதீர் சக்கரவர்த்தி என்று புதுக் கார்டு அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மாயக்குரல் வகுப்பு நடத்துகிறான். அங்கே மூச்சு விடுவதை மட்டும் சொல்லிக் கொடுக்கிறான். மற்ற நாட்களில் பப்பம்மாவின் பெட்டியைப் பைக்கில் கட்டி அவளைக் கொண்டுபோய் விடுகிறான். அவள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது அவன் வாசலில் நின்று, கிடைத்தவர்களிடமெல்லாம் தான்தான் அவளுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்ததாகச் சொல்கிறான். அகிலாவுக்கு இது காதில் விழாமல் இல்லை. அவள் கை கழுவிக்கொண்டு பந்தியில் போய் உட்காருகிறாள்.