உப்பிய பெட்டிகள்

நேற்று சாயங்காலம் மகள் கணக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். கனச்செவ்வகத்தின் கன அளவு. கன சென்டிமீட்டரைக் கன மீட்டராக்க நூறால் வகுத்து வைத்திருந்தாள்.

"ஏனுங்கப்பா, நூறு சென்டிமீட்டர்தான ஒரு மீட்டரு?"

"நீளம், அகலம், உயரம் மூணுக்கும் வகுக்கோணும் கண்ணு. ஆகமொத்தம் பத்து லட்சம்."

சொல்லும்போதே அலுப்பாக இருந்தது. பத்து லட்சத்தால் வகுப்பதைத்தான் ஆறு வருடம் பிழைப்பாக வைத்திருந்தேன்.

பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பொறுப்பு. புது அட்டையும் டேப்பும் கலந்த வாசம் அந்த ஹாலில் எப்போதும் இருக்கும். இன்றும் வீட்டுக்குப் பார்சல் வந்தால் முதலில் மோந்துதான் பார்க்கிறேன். பெட்டி அறுபதுக்கு நாற்பது, உயரம் முப்பது. எழுபத்திரண்டாயிரம் கன சென்டிமீட்டர், அதாவது 0.072 கன மீட்டர். கால்குலேட்டர் பையில் இருந்தாலும் மனக்கணக்காகவே சொல்வேன். யாராவது கவனிக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்வேன்.

பெட்டி ஒட்டும் ஸ்டெல்லா அக்கா தூத்துக்குடிப் பக்கம். மகளை ஊரில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவர். "ஒட்டுன பெறவு அளங்க சார். துணி உப்பும்லா," என்று ஒருமுறை சொன்னார். நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் கன்டெய்னர் வந்தது. இருபத்தெட்டு கன மீட்டர் பிடிக்கும். முந்நூற்று எண்பது பெட்டி தாராளமாக ஏறும் என்று சொல்லியிருந்தேன். கதவு மூடும்போது இருபது பெட்டி தரையில் கிடந்தது. ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் உப்பியிருந்தது. நான் அளந்தது காலிப் பெட்டியை.

முக்கால்வாசிப் பெட்டிகளை இறக்கிப் பிரித்து, காற்றை அமுக்கி, மறுபடி ஒட்ட வேண்டும். அக்கா தோளில் பையோடு நின்றார்.

"அஞ்சு மணி பஸ்ஸு சார். நாளைக்குக் கோயில்ல புள்ளைக்குப் புதுநன்மை. மொதமொதல்ல சாமியார் கையால நன்மை அப்பம் வாங்குதா."

"நீங்க இல்லீன்னா ஆகாதுங்கக்கா. அடுத்த பஸ்ல போயிக்கலாங்க."

அடுத்த பஸ் விடியற்காலைப் பூசை நேரத்துக்குப் போய்ச் சேராது. அது எனக்குத் தெரியும். அவர் பையை ஆணியில் மாட்டினார். வேலை முடிந்தபோது இருட்டிவிட்டது.

திங்கட்கிழமை போனில் போட்டோ காட்டினார். வெள்ளை கவுன், கையில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் சித்தி. "அழகா இருக்குதுங்க," என்றேன். மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. கட்டடத்தில் டைல்ஸ் கடை. பேக்கிங் ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அக்காவின் பழைய நம்பருக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். இந்தியில் யாரோ பேசினார். அந்தக் குழந்தைக்கு இருபது வயதாகியிருக்கும். புதுநன்மை ஒருவருக்கு ஒரே தடவைதான் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.