ஓடைப்பட்டிச் சண்டைக் கேசட்

எனக்கு மன்னிக்கும் குணம் கிடையாது. அதிலும் அந்தப் பதிப்பகத்தைச் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

கம்பம் பள்ளத்தாக்குப் பேச்சில் எந்த ஒலி அதிகம் வருகிறது, எது அரிதாக வருகிறது என்று எண்ணுவதுதான் அப்போது என் ஆராய்ச்சி. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்குப் போவேன். மைக்கை நீட்டினால் போதும், பழம் பறிக்கும் பெண்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்கள் தினமும் திராட்சைப் பழம் பறிக்கிறோம்" என்று ரேடியோ செய்தி வாசிப்பார்கள். வாத்தியார் வீட்டில்கூட யாரும் அப்படி 'ழ' சொல்வதில்லை.

அப்புறம் அவர்களிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு மைக்கைப் பந்தலிலேயே கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதை மறந்தே போனார்கள்.

"எம் பளக்கூடையில கைய வச்சது ஆரு? கொல வெட்டுற கத்திரிய இடுப்புல சொருகிக்கிட்டு என்னையவே தேடச் சொல்றியாக்கும்!"

அடடா, அதுதான் எங்கள் ஊர்ப் பேச்சு! அந்தச் சண்டை முழுக்க ஒரு 'ழ' கிடையாது.

இரண்டு வகைப் பதிவுகளையும் எண்ணி, வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றின் ஆய்விதழுக்கு அனுப்பினேன். சண்டைப் பேச்சு ஆய்வுக்குத் தகுதியானதல்ல, மைக்கை நீட்டி எடுத்த பேட்டிகள் மட்டும் போதும் என்று பதில் வந்தது. எவ்வளவோ வாதாடினேன், மசியவில்லை. கட்டுரை அச்சேறாவிட்டால் வேலை கிடைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு சண்டையை நீக்கினேன். பேட்டிகளின் உரிமையையும், அவற்றை எண்ணிப் போட்ட அட்டவணையின் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

சில வருஷம் கழித்து, தேனியில் பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை ஒருவர் என்னைத் தேடி வந்தார். எந்த ஒலியை முதலில் பழக்குவது என்று முடிவு செய்ய என் அட்டவணை வேண்டுமாம். பதிப்பகத்திடம் அனுமதி கேட்டு எழுதினேன். சந்தா கட்டாத யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார்கள். நான் ராப்பகலாக எண்ணியதை நானே கொடுக்கக் கூடாதாம்! கொடுத்தாலும் அது ரேடியோ செய்தியின் கணக்குதானே, பிள்ளைகளுக்கு என்ன பிரயோஜனம்?

கோபத்தில் ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தேன். பேட்டிகள் மட்டும்தான் அவர்களுடையவை. வேண்டாம் என்று தள்ளிய சண்டை என்னுடையது. வாய்விட்டுச் சிரித்தேன்.

கத்திரியைக் காணோம் என்று சண்டை போட்ட அந்தப் பெண்ணிடம் போய், அதை எல்லோரும் கேட்கும்படி இன்டர்நெட்டில் போடலாமா என்று கேட்டேன்.

"அந்தப் புஸ்தகக் கம்பெனிக்காரவுக என்னா சொன்னாக?"

"சண்டை வேணாம்னாக."

"அப்பக் கட்டாயம் போடுத்தா. கத்திரிய அவதான் எடுத்தாங்கிறது ஊரு உலகத்துக்கே தெரியட்டும்!"

எண்ணிக்கையோடு சேர்த்து இலவசமாகப் போட்டேன். ஆசிரியை அதை வைத்தே பயிற்சியைத் தொடங்கினார். பிறகு எங்கெங்கோ இருந்தெல்லாம் மொழியியல்காரர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். பூட்டிவைத்த அட்டவணையைச் சீந்த ஆளில்லை.

போன வாரம் அதே பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. புதிய தொகுப்பில் சேர்க்கச் சண்டை அட்டவணை வேண்டுமாம், உரிமையோடு. அவர்கள் அன்றைக்கு எழுதிய வரியையே திருப்பி அனுப்பினேன்: சண்டைப் பேச்சு ஆய்வுக்குத் தகுதியானதல்ல.

அனுப்பிவிட்டு, அன்று மத்தியானம் ரெண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.