காதர் பாய் பொருத்திய சலவைக்கல் மேடை

நான் காதர் பாயை மன்னித்ததாக நம் மாதர் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. மன்னிக்கும்படி அவர் எதுவும் செய்யவில்லை. தவறு செய்தவள் நான்.

லான்மடாவில் குழாய்க் கடை வைத்திருந்த காதர் பாய் போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் காலமானார். மகள் ஜைனப் தொலைபேசியில் அழைத்தாள். "சயாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க. ஜும்ஆவுக்குப் பொறவு அடக்கம்" என்றாள். சிறுவயதில் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் நான் சயாமா, டீச்சரம்மாதான். மிங்கலா தாங்ஞுன்டில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். நம் செயலாளர் ரோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "சயாமாவுக்கு ரொம்பப் பெரிய மனசு. அன்னைக்குப் பாய் பஸ்ஸுல செஞ்ச தப்பைப் பொறுத்துக்கிட்டு அவரையே திரும்பக் கூப்பிட்டாங்க" என்றாள். ஜைனப் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். துக்க வீட்டில் வாதாடக் கூடாது என்று அங்கே பேசாமல் இருந்தேன்.

பின்னால் சேர்ந்த உறுப்பினர்களுக்காகப் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெகு பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் கண் பரிசோதனை நடத்த, நான்கு பெண்கள் உள்ளேயே தங்கிப் போகும்படி நாம் மாற்றி அமைத்த பழைய ஜப்பான் பஸ் அது. அதன் கதவு இடப்பக்கம் இருந்தது. நம் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போவதால் அது நடுரோட்டில்தான் திறக்கும். ஆகையால் வலப்பக்கம் புதுக்கதவு வெட்டி, பழைய கதவு இருந்த மூலையை அடைத்துக் குளியலறை ஆக்கினார்கள். அங்கே இருந்த தகரத் தொட்டி துருப்பிடித்ததும், அதை எடுத்துவிட்டு நல்லதாக ஒன்று வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

என் கான்வென்ட்டில் கை கழுவும் இடத்தில் வெள்ளைச் சலவைக்கல் மேடையும் பீங்கான் பேசினும் இருந்தன. அதே போல மண்டலேச் சலவைக்கல்லில் வேண்டும் என்றேன். காதர் பாய் அந்த மூலையில் உள்ளங்கையை வைத்து, டிரைவரை இன்ஜினைப் போடச் சொன்னார்.

"கையை வெச்சுப் பாருங்க சயாமா. வீடுன்னா நிக்கும், பஸ்ஸு நெளியும். அதுலயும் கதவு இருந்த மூலைதான் ரொம்ப நெளியும். தேக்குப் பலகை போட்டு எவர்சில்வர் பேசினை எறக்கிடுவோம்."

"டீக்கடையில கிண்ணம் கழுவுற தொட்டி மாதிரி இருக்கும் பாய்."

"டீக்கடைக்காரன் ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம் கழுவுறான். ஒங்க கான்வென்ட்ல அத்தனை கை கழுவியிருப்பாங்களா?"

நான் சிரிக்கவில்லை. கல்தான் என்றேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டு, அடியில் தடித்த ரப்பர் பட்டை கொடுத்துக் கல்லைப் பொருத்தினார். வெள்ளைக் கல்லுக்குக் கீழே அந்தக் கறுப்புக் கோடு அழுக்குப் போலத் தெரிந்தது. எடுக்கச் சொன்னேன். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை நான் குரலை உயர்த்தியதும் எடுத்துவிட்டார்.

கல் வைத்த பிறகு போன முதல் பயணத்தில், பெகுவைத் தாண்டி மண்சாலையில் இறங்கியதும், குழாய்த் துளையிலிருந்து விளிம்பு வரை கல் பிளந்தது. பேசின் கீழே விழுந்து, தண்ணீர் தரையெல்லாம் ஓடி மருந்துப் பெட்டிகளை நனைத்தது. விடிந்ததிலிருந்து மரத்தடியில் காத்திருந்த கிழவிகளைத் திருப்பி அனுப்பினோம்.

அடுத்த கூட்டத்தில், யார் பொருத்தியது என்று கேட்டார்கள். காதர் பாயை வரவழைத்திருந்தார்கள். "நான் பூட்டினதுதான். நானே மாத்தித் தர்றேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போது நான் சங்கத் தலைவியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் கணவர் போன பிறகு எனக்கென்று வந்த முதல் பொறுப்பு அது. முதல் காரியத்திலேயே தவறினாள் என்று பேர் வாங்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். "வேலையாளின் கவனக்குறைவால் மேடை உடைந்தது" என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். அதன் கீழே தலைவி என்று கையெழுத்துப் போட்டவளும் நானே.

இரண்டு நாள் கழித்து அவர் கடைக்குப் போய், கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் குழாய்க்கு மரை வெட்டிக்கொண்டிருந்தார்.

"கெய்ஸா மஷிபூ, ஒண்ணும் பரவால்ல. விடுங்க சயாமா. ஒங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க, அது என் தப்பு. வேலைக்காரன் சில பேச்சைக் கேக்கக் கூடாது. தேக்கு வாங்கிட்டேன். நாளைக்கு வந்து அளவெடுக்க டேப்பைப் புடிங்க."

அவர் தடுத்ததை நல்ல சாக்காக எடுத்துக்கொண்டேன். மறுநாள் போய் டேப்பைப் பிடித்தேன். அலோன் படித்துறையில் படகுகளுக்குப் பூசும் எண்ணெயை அந்தப் பலகைக்கு மூன்று கை பூசினார். நாற்றம் தாங்கவில்லை என்றேன். "படகு மூழ்குறதுக்கு இது தேவலாம்" என்றார். அந்தத் தேக்கு மேடையும் எவர்சில்வர் பேசினும் இன்றுவரை அசையவில்லை. டெல்டாவைப் பெரும் புயல் அடித்த பிறகு பஸ் அங்கே பல வாரம் நின்றபோது, எத்தனையோ பேர் அதில்தான் குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள்.

ஆனால் சங்கத்தின் வேலை அவருக்கு மறுபடி வரவில்லை. இப்போது வாங்கியிருக்கும் இரண்டாவது பஸ்ஸுக்குக் குளியலறை அமைக்க, கடையை நடத்தும் ஜைனப் முன்வந்தாள். நான் இப்போது இல்லாத குழுவில் பழைய கூட்டக் குறிப்பைப் புரட்டிப் பார்த்து, "அந்த அப்பா மகள்தானே" என்று மறுத்துவிட்டார்களாம். இதை அடக்கத்தன்று அவள் வாயால் கேட்டேன். தகப்பனிடம் தொழில் கற்ற பெண்ணுக்கு என் கையெழுத்து குறுக்கே நிற்கிறது.

எந்த வேலையை முடித்தாலும் காதர் பாய் உடனே சாவி தர மாட்டார். "இன்னைக்குக் கெடக்கட்டும். நாளைக்கு வந்து இன்னொரு முடுக்கு முடுக்கிட்டுத் தர்றேன்" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பழக்கம். உறுப்பினர்களுக்கான இந்த அஞ்சலியை நேற்று எழுதினேன். இன்று மறுபடி படித்தேன். என்னைப் பற்றி மென்மையாகச் சொல்லியிருந்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டேன்.

செயலாளர் ரோஸ்லினுக்கு: அந்தக் குறிப்பில் "வேலையாளின்" என்பதை அடித்து, "தலைவியின்" என்று எழுதி, என் முழுப்பெயரையும் பக்கத்தில் சேர்க்கவும். அதன் பிறகு ஜைனபின் விண்ணப்பத்தை மறுபடி பார்க்கவும். இரண்டையும் செய்தீர்களா இல்லையா என்று எனக்குக் கடிதம் எழுதித் தெரிவிக்கவும்.