சவரிமுத்து அண்ணன் கூட்டாத சத்தம்

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா தவறிட்டாங்க. விடியக்காலைல மூச்சு நின்னுடுச்சு." நீடாமங்கலத்தில் ரேடியோ மெக்கானிக்காக இருந்த சவரிமுத்து அண்ணனின் மகள் அவள். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும், போலீஸ் தடையை மீறிச் சத்தத்தைக் கூட்டிய வீரர் என்றே அண்ணனைப் புகழ்ந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவரோடு பழகிய உங்களுக்குமா தெரியாது? ரிப்பேருக்கு வந்த ரேடியோவைக்கூட காதோடு வைத்துக் கேட்கிற மனிதர் அவர்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை அவரே வைத்துக் கொடுத்த என் கிட்டாருக்காக ஓர் ஆம்ப்ளிஃபயரும் செய்தார். பழைய ரேடியோ வால்வுகள், ஒரு தேக்குப் பெட்டி. கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். முதுகில் ஒரு சுவிட்ச். கீழே தள்ளினால் கால் பவர், மேலே தள்ளினால் முழு பவர். மாதா கோயிலில் டேப்பில் பாட்டுப் பதிந்தபோது கால் பவரில்தான் வைத்தார். வால்வு லேசாகக் கரகரத்து அழகாகப் பாடியது. பக்கத்து அறையில் உபதேசியாரின் தூக்கம் கலையவில்லை. "கேக்கறது பத்து பேரு. ஊருக்கே எதுக்கு சார்?" என்பார் அண்ணன்.

கழக ஆட்சி வந்த புதிது. அறுவடைக் கூலிக்காக எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டங்களில் ஒலிபெருக்கி கூடாது என்று தடை. நன்னிலம் பக்கத்தில் ஒரு கோயில் வளாகத்தில் விவசாயத் தொழிலாளர்கள் கூடினார்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியன். அங்கே இருந்தது தெரிந்தாலே வேலை போய்விடும். ஆனாலும் கால் பவரில் வாசித்தேன். சத்தம் மதிலைத் தாண்டவில்லை. அப்போது சாலையில் மிராசுதார்களின் ஜீப் ஒன்று, வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப்போவதாக ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டு போனது. அதற்கு மட்டும் தடை இல்லை. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. சுவிட்சை மேலே தள்ளியது நான்தான். "சார், வேணாம் சார்" என்று அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் வாசித்தேன்.

போலீஸ் வேன் வந்து நின்றதும் அண்ணன் என் மடியிலிருந்த கிட்டாரைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, என்னைக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டார். அவருக்கு ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாது.

"எங்க, வாசி பாப்போம்" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"தடை போட்டிருக்கீங்களே ஐயா."

கூட்டம் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து அவருக்கு அடி விழுந்தது. பதினைந்து நாள் ரிமாண்டு.

வெளியே வந்தவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாயெடுக்கவே விடவில்லை. "அத விடுங்க சார். முழு பவர்ல பொட்டிக்குள்ள ட்ரான்ஸ்பார்மர் சூடாச்சா? தொட்டுப் பாத்தீங்களா?" இல்லை என்றேன். அதற்குத்தான் கோபித்துக்கொண்டார்.

இரங்கல் கூட்டத்தில் ஐந்தாவதாக என்னைப் பேசச் சொன்னார்கள். ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகிறது. இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. அப்படியும், "நல்ல மனுஷர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெசிந்தா, உன் அப்பாவிடமிருந்து என்னிடம் இருப்பது நான் பார்த்து முடித்த வாத்தியார் வேலை. அவர் வாங்கிய அடியில் தப்பிய வேலை அது. இதைப் படித்துவிட்டு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.