முதல்ல நீங்க என்னை எடுங்க

ஆஸ்பத்திரியில் அவளுடைய நிஜப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. 'எடுக்கட்டுமா அக்கா' என்றால்தான் தெரியும். தீக்காய வார்டில் காயங்களைப் படமெடுத்து டாக்டர்களுக்குக் கொடுப்பது அவள் வேலை. வீட்டில் புருஷனுடைய தட்டில் கை வைக்கும்போதும் "எடுக்கட்டுமா?" என்பாள், பதில் வருவதற்குள் பாதி வாய்க்குள் போயிருக்கும். காமிராவோடு மட்டும் அந்த அவசரம் கிடையாது.

வெந்த முகத்துக்கு நேரே காமிராவை நீட்டினால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? அதனால் காமிராவை முதலில் அவர்கள் கையிலேயே திணித்துவிடுவாள். "முதல்ல நீங்க என்னை எடுங்க. என் மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவால்ல."

குக்கர் வெடித்து இடது கன்னம் வெந்துபோன தையல்காரி ஒருத்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே கிடந்தாள். வேண்டாவெறுப்பாகக் காமிராவை வாங்கி அமுக்கினாள். சரியாக அந்த நேரம் பார்த்து அக்காவுக்குத் தும்மல்! கண் செருகி, மூக்கு விடைத்து, வாய் கோணி, கண்றாவியான படம். தையல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, கன்னம் இழுக்குதுக்கா!"

"எடுக்கட்டுமா?"

"ஃபைலுக்குத்தானே? எடுங்க, எடுங்க!"

அந்தப் படத்தில் வெந்த கன்னமும் சேர்ந்து சிரித்தது. அக்கா வாழ்நாளில் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

சில மாதம் கழித்து, ஊழியர்கள் எடுத்த படங்களை ஆஸ்பத்திரி கூடத்தில் மாட்டப்போவதாக அறிவித்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் எடுத்த படம் ஒன்றுகூட அதுவரை சுவர் ஏறியதில்லை, எல்லாம் ஃபைலுக்குள்ளேயே கிடந்தன.

"அந்தத் தையல்காரம்மா அன்னைக்கே சரின்னுட்டாங்கல்ல, அதையே மாட்டிடேன்" என்றான் புருஷன்.

"ஃபைலுக்குன்னு கேட்டது ஃபைலுக்கு மட்டுந்தாங்க."

தையல் கடைக்குப் போய்க் கேட்டாள். தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"மாட்டிக்கோங்க. ஆனா பக்கத்துலயே உங்க தும்மலும் இருக்கணும்."

"ஐயய்யோ! அது வேணாம்!"

யோசிக்காமல் வந்த பதில். தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அக்காவே திகைத்துப்போனாள். வருஷக்கணக்கில் மற்றவர்களிடம் கேட்டவளுக்கு, கேட்கப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"வேணாம்னா விட்டுடலாம்க்கா. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்று தையல்காரி மறுபடி துணியை வெட்ட ஆரம்பித்தாள்.

அக்கா பஸ் ஏறினாள். தும்மலை நினைத்துக் கூசினாள். அப்புறம் நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தாள். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கித் திரும்பி ஓடினாள். கடை வாசலில் மூச்சு வாங்க நின்று, "மாட்டலாம்டி! ரெண்டையும்!" என்று கத்தினாள். தையல் மெஷின் நின்றுபோனது.

கண்காட்சியன்று மற்ற சுவர்களைச் சீண்ட ஆளில்லை. பெரிய டாக்டரே தும்மல் படத்தின் முன்னால் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்கா தூணுக்குப் பின்னால் பதுங்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெந்த கன்னத்தைக் கூட்டத்துக்கு நேராகக் காட்டியபடி, புதுப் புடவையில் நின்றிருந்தாள் தையல்காரி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தும்மல் படத்தைக் காட்டிப் பெருமையாகச் சொன்னாள்:

"இது நான் எடுத்ததுங்க. அவங்கள கேட்டுத்தான் மாட்டிருக்கேன்."