ஊதா நாற்றைப் பார்க்கப் போனோம்

என் பேத்தி பிரின்சி ஒன்பதாவது படிக்கிறாள். கிறிஸ்துமஸ் லீவில் தஞ்சாவூர் பக்கம் ஒரு விதைப்பண்ணையில், பிள்ளைகள் தங்கள் கையாலேயே இரண்டு நெல் ரகத்தைக் கலப்புச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அதில் இவள் கையால் வந்த நாற்றைப் பார்க்க மாசிக் கடைசிச் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போனோம். உங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்புவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள், எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பச்சை இலை நெல்லில் பூ விரியுமுன் ஆண் பாகத்தைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். பிறகு ஊதா இலை நெல்லின் மகரந்தத்தை அதன்மேல் உதறிக் காகிதப் பை மாட்ட வேண்டும். கலப்பு ஏறியிருந்தால் அந்த விதையில் வரும் நாற்று தகப்பனைப் போல ஊதாவாக இருக்கும். ஏறாவிட்டால் பச்சைதான். பிரின்சிக்கு ஏழு நெல்மணி விளைந்தது, பண்ணையிலேயே விதைத்தார்கள். முளைத்ததும் பண்ணையிலிருந்து போட்டோ வந்தது, மூன்று ஊதா! தெருவில் காட்டாத வீடு இல்லை.

துபாயில் இருக்கிற என் மகனுக்கு, அதாவது இவள் அப்பாவுக்கு, இவள் விவசாயம் படிப்பதில் இஷ்டமில்லை. "காமர்ஸ் எடு. இல்லேன்னா, போட்டோ வேணாம், அந்த நாத்த வீடியோல காட்டு, அப்புறம் பேசலாம்" என்றிருந்தான்.

பேராவூரணியில் ஆறரைக்கு ஏறினோம். பட்டுக்கோட்டை வரை டவுன் பஸ், பெண்களுக்குக் காசில்லை. அங்கிருந்து தஞ்சாவூர் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும், ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். பண்ணைக்குப் போக ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார்.

"நாத்து பாக்கவா இம்புட்டு தூரம் வந்தீங்க பாட்டி?"

"இவ வளத்த நாத்து தம்பி. இவதான் அதுக்கு அம்மா."

"அப்ப நீங்க கொள்ளுப்பாட்டி. சரி, நூத்தம்பது குடுங்க."

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பாத்தியில் பிரின்சி பெயர் எழுதிய குச்சி நின்றது. பக்கத்தில் நாலு பச்சை நாற்று. ஊதா ஒன்றுகூட இல்லை. அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

"கலவன் ஒண்ணு விடாம புடுங்கிட்டோம் பாப்பா. பாத்தி எப்படி இருக்கு பாரு!"

விதைக்கு விடுகிற வயலில் நிறம் மாறி நிற்கிற பயிர்தான் கலவன். அதைப் பிடுங்குவது வழக்கம், என் கையும் அங்கேதான் போயிருக்கும்.

"எப்ப புடுங்குனீங்க?" என்றேன்.

"புதன்கெழம. வரப்புல போட்டோம், ஆடு தின்னுருச்சு."

விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே தாயி." எல்லாப் பிள்ளைகள் பாத்தியும் அப்படித்தான் சுத்தமாக இருந்தது. பண்ணை சார் அடுத்த வருஷம் வரச் சொன்னார். அடுத்த வருஷம் இவளுக்குப் பத்தாவது, யார் அனுப்புவார்கள்?

திரும்பும்போது ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் மகன் வீடியோவில் கூப்பிட்டான். "எங்க, காட்டு பாப்போம்." பிரின்சி போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளியே அறுத்துப் போட்ட நெல்தாள்தான் தெரிந்தது. "காமர்ஸே எடுத்துக்கறேம்ப்பா" என்றாள்.

அனுப்புகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொடுத்துவிடுங்கள், அங்கே நிழல் கிடையாது. முதல் நாளே அந்தப் பாத்தியில் களை எடுக்கப்போவது யார் என்று கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போய் அவர்களிடம், எது ஊதா, ஏன் ஊதா என்று சொல்ல வையுங்கள். எங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பாத்திக்குள் தினமும் இறங்குகிறவர்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை, நாங்களும்தான்.