பின்லாந்துக் காட்டைப் பார்க்கும் பட்டாபிராம் வரலட்சுமி

எங்கள் அம்பத்தூர் ஆபீசில் பனியை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் பின்லாந்தில் எந்த மரத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதுதான் எங்கள் வேலை. அங்கே காட்டு ஊழியர்கள் மரத்துக்கு மரம் படம் எடுத்து அனுப்புவார்கள். இங்கே நாங்கள் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, பட்டையை வண்டு துளைத்த அடையாளம் இருந்தால் சிவப்புக் கட்டம் போடுவோம்.

என் பக்கத்து சீட் வரலட்சுமி அக்கா. பட்டாபிராமில் இருந்து ரயிலில் வருபவர். பிள்ளைகள் இரண்டும் காலேஜுக்குப் போன பிறகு, நாற்பது வயதில் கம்ப்யூட்டர் கிளாஸ் போய் வேலைக்கு வந்தவர். ஏசிக் குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு, மரங்களோடு பேசிக்கொண்டே இருப்பார். "இது நல்லா கீது. இதுவும் நல்லா கீது. அய்யே, இது இன்னாத்துக்கு சாஞ்சிகினு நிக்குது?" முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது அவர் லீவு போட்டால் எனக்கு வேலையே ஓடுவதில்லை.

போன அக்டோபரில் ஒரு கூத்து நடந்தது. ஊசியிலை மரம் என்றால் வருடம் முழுக்கப் பச்சை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். திடீரென்று படம் படமாக மஞ்சள் மரங்கள். காடே செத்துவிட்டது என்று பதறிப்போய் அக்கா முந்நூறு கட்டம் போட்டுவிட்டார். அங்கிருந்தவர்கள் அடித்துப் பிடித்து ஓடிப் பார்த்தால், எல்லாம் லார்ச் என்ற ஊசியிலை மரம். குளிர் வந்தால் மஞ்சளாகி இலையைக் கொட்டுவது அதன் வழக்கமாம். மார்கழிக்கே ஸ்வெட்டர் தேடாத ஊர்க்காரிகளுக்கு அது எப்படித் தெரியும்? இன்னொரு முறை வீணாக ஓட வைத்தால் வரலட்சுமிக்கு வேலை இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. எனக்கு இன்னும் அதில் கோபம்தான்.

அப்படிப்பட்டவர் இந்த ஜூனில் ஒரு புதன்கிழமை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"சுதா, இத்த பாரு!"

நல்ல பச்சை மரம். அடிமரத்தில் ஒரு சிலந்தி வலை, அதன்மேல் பழுப்பாக ஏதோ தூள். டீம் லீடர் கார்த்திகேசனைக் கூப்பிட்டோம். நல்ல மனுஷன்தான், ஆனால் நிழலைக் கண்டாலும் பயப்படுவார்.

"மழையில தெறிச்ச மண்ணா இருக்கும்க்கா. விட்ருங்க. போன தடவ நடந்தது மறந்துபோச்சா?"

"மண்ணு தெறிச்சா வலை அறுந்துடும் சார். இது மேலேர்ந்து மெதுவா கொட்டிக்கீது. எங்க ஊட்டு மாமரக் கட்டிலு உளுத்துப்போயி, தெனம் இதே மாரி தூளத்தான் பெருக்கிகினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

"வேல போயிடும்க்கா."

"போனா போவட்டும். இன்னிக்கி உட்டா மழ வந்து தூள அலம்பிகினு பூடும். அப்பால யாருக்கும் தெரியாது. உள்ள கீற வண்டு பெருகி பக்கத்து மரத்தையும் புடிச்சிக்கும்."

கட்டம் போட்டார். ஒன்றோடு விட்டாரா? சுற்றிலும் தேடி ஏழு மரங்களுக்குப் போட்டார். பதில் வந்துவிட்டதா என்று நான் மணிக்கொரு தரம் மெயிலைப் பார்த்தேன். அவரோ அடுத்த நாள் சுண்டல் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. கார்த்திகேசன் எங்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அதைத் திறந்தார். பட்டை உரித்த மரத்தின் படம். உள்ளே நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பாதைகள், அவற்றில் அரிசிபோல வெள்ளைப் புழுக்கள். ஏழு மரத்திலும் இருந்ததாம்! சுற்றியிருந்த மரங்களுக்கு இன்னும் பரவவில்லையாம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீமே எழுந்து நின்றது. கார்த்திகேசன் சின்னப்பிள்ளை மாதிரி மேஜையைத் தட்டினார். அக்கா மட்டும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே அந்த ஊர்க் காட்டு அதிகாரி எழுதியிருந்தார்: "நேற்று முன்தினம் அதே மரத்தடியில் நின்று காபி குடித்தேன். என் கண்ணில் படவில்லை. கட்டம் போட்டவர் எந்தக் காட்டில் வேலை பார்த்தவர்?"

"என்னக்கா எழுத?" என்றார் கார்த்திகேசன்.

அக்கா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பட்டாபிராம், எங்க ஊட்டு கட்டிலுக்கு அடியிலன்னு எழுதுங்க சார்."

அவரும் அப்படியே எழுதி அனுப்பினார்.